மஞ்சள் துணியில் போனஸ்

செவ்வாய். ஐப்பசி மழை, விடிந்ததிலிருந்து.

கூடத்தில் இருந்தவர்கள்: இவர், இவர் தம்பி மணி, மலையாளத்துக்கார ஆடிட்டர் ஷீபா, காபியோடு நான். சுவரில் குருவாயூரப்பன்.

சாலைக் கடைத்தெருவில் இருக்கும் எங்கள் பாத்திரக் கடையின் கணக்கு. நான் எழுதியதுதான். ஓரிடத்தில் ஷீபாவின் பேனா நின்றது.

"மாமி, ஸ்டாஃப் போனஸ் செலவில எழுதியிருக்கு. கொடுத்தோ?"

"கொடுத்த மாதிரிதான்." பூஜை அலமாரியைக் காட்டினேன். மஞ்சள் துணி முடிச்சு.

மார்ச்சில் அந்தப் பணத்தில் மணி கடைக்குப் புது போர்டு வைக்கப் பார்த்தான். 'குருவாயூர் நடையில்தான் பிரிப்பேன்' என்று முடிந்து வைத்துவிட்டேன். சாமிக்கு முடிந்ததை இந்த வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். நானும்தான். அதை யோசிக்கவில்லை. ஓணத்துக்குள் போகலாம் என்றிருந்தேன். இவருக்கு முழங்கால் வீக்கம்.

ஷீபா: "எழுதினா மட்டும் போரா மாமி. ஆள்கள் கையில காசு போகணும், ரிட்டர்ன் கடைசித் தேதிக்குள்ள. அப்பதான் வரியில கழியும். வைகினா, லேட்டானா, கொடுக்கிற வருஷத்திலதான் கழிவு. அதுவரை புக்ல டெஃபர்ட் டாக்ஸ் அசெட், பின்னால கிடைக்கப்போற வரிக் கழிவு."

மணிக்கு முகமெல்லாம் பல். "அசெட்டா! மன்னி, அங்கேயே இருக்கட்டும்!"

"வரி இப்ப முழுசா கட்டணும், கேட்டோ."

பல் மறைந்தது.

புதன். தூறல். வாங்க: உளுந்து, திரி, கற்பூரம்.

அரிசி களையும்போது புரிந்தது. அடிப்பிரதட்சிணம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்ட அன்றே புண்ணியத்தை வரவு வைத்துக்கொண்டவள் நான். இன்னும் ஓர் அடி வைக்கவில்லை. செய்தால்தான் வரவு. அங்கேயும் இதே சட்டம்.

வியாழன். வெயில். கடைக்குப் போனேன். பாத்திரம் எடுத்துக் கொடுக்கும் முருகன், திருநெல்வேலிக்காரர். அவர் மகளுக்குத் திங்கட்கிழமை நர்சிங் ஃபீஸ் கட்ட வேண்டும்.

"சாமிகிட்ட பத்திரமாத்தாம்மா இருக்கும். காலேஜுல போயி அதச் சொன்னா விடுவானுவளா?"

இவரிடம் ரொக்கம் கேட்டேன்.

"காசெல்லாம் கடையில குக்கரா இருக்குடி."

குருவாயூர் ரயில்: வெயிட்டிங் லிஸ்ட்.

வெள்ளி. குளித்ததும், வீட்டுக்குப் புரோகிதம் பண்ணும் வாத்தியாருக்கு அனுப்பியது:

"வாத்தியார் மாமாவுக்கு நமஸ்காரம். குருவாயூரப்பனுக்கு முடிந்ததை இங்கே கிழக்கேகோட்டையில் கிருஷ்ணன் சன்னிதியில் பிரித்தால் தோஷமா? பணம் சாமிக்கு இல்லை, கடை ஆள்களுக்கு. பரிகாரம் உண்டென்றால் செய்கிறேன்; அது என் சொந்தச் செலவு, கடைக் கணக்கில் எழுத மாட்டேன். முருகனுக்குத் திங்கட்கிழமை பணம் வேண்டும். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லிவிடுங்கள்."