உள்பக்கம் தேய்ந்த டயர்

14.11.1995, செவ்வாய்

சீவலப்பேரி அரிசி மில் முதலாளி இன்று என் மெக்கானிக் பட்டறை வாசலில் வைத்தே தன் கார் டிரைவர் முத்தையாவை வீல் ஸ்பேனரால் அடித்தார். "புது டயருலே! கண்டபடி ஓட்டித் தேச்சுட்டியே!" முத்தையாவுக்குக் காது கிழிந்து ரத்தம் கொட்டியது.

டயர் தேய்ந்தது உள்பக்கம் மட்டும்தான். நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சக்கரத்தோடு பிடித்துக் காட்டினேன். சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாய்ந்து நின்றது. "கேம்பர் கோளாறு அண்ணாச்சி, சக்கரச் சாய்வு சரியில்ல. இவன் மேல தப்பில்ல."

"ஒன்ட்ட எவம்லே கேட்டான்?" அடுத்த அடி என் தோளில் விழுந்தது.

அவர் போனபின் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே அண்டைகொடுக்கும் தகடு மாற்றிச் சாய்வை நிமிர்த்திவிட்டேன். முத்தையா ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். காலையில் முதலாளியே வந்து வண்டியை ஓட்டிப்போகிறாராம். சக்கர நட்டுகளைக் கையால் மட்டும்தான் திருகி வைத்திருக்கிறேன். எழுந்து போய் ஸ்பேனரால் முறுக்க வேண்டும்; இல்லையென்றால் ஓட்டத்தில் சக்கரம் கழன்றுவிடும். கை எழவில்லை. தோளில் விழுந்த அடி அப்படி.