கணேசு மீனும் கழுவிய டிரம்மும்

சிவமயம்

பெருமாள்புரம்,
திருநெல்வேலி.

அன்பு மகன் கணேஷ்ராமுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகள் ராஜியும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்க நெல்லையப்பர் துணை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய், நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்து வார்த்தை பேசி மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இதை உன் அம்மா அனுப்பும் முறுக்குப் பொட்டலத்துக்குள் அவளுக்குத் தெரியாமல் வைக்கிறேன், முழுசாகப் படி.

புரட்டாசியில் லீவுக்கு வந்தவன் சும்மா இருந்தாயா? பின்வாசல் முருங்கையை வெட்டிக் குழி தோண்டிச் சிமெண்டு பூசி குளமாக்கி வண்ணக் கெண்டை மீன் விட்டாய். தண்ணீர் பச்சையாகிறது என்று பேட்டைக்குப் போய் இரண்டு பழைய நீல டிரம் வாங்கி வந்து, ஓட்டை போட்டுக் குழாய் சொருகி, அடியில் சரளை, அதன் மேல் பாத்திரம் தேய்க்கிற நைலான் நார், அதற்கும் மேல் ஸ்பாஞ்சு என்று அடுக்கினாய், மோட்டார் ஏற்றுகிற தண்ணீர் இது வழியாகத் தெளிந்து திரும்பக் குளத்தில் விழும் என்றாய். விழுந்தது, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு என் முருங்கை போனதுதான் மிச்சம். ஆனால் நீ ஊருக்குப் போன பிறகு உன் அம்மா விடிந்தால் அங்கனதான் கிடப்பாள், நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி இருந்த மீனுக்கு உன் பெயரையே வைத்து, ஏ கணேசு, பைய தின்னுலே, விக்கிக்கிடாத என்று தீவனம் போடுவாள்.

பொங்கலுக்கு வீட்டைக் கழுவும்போது டிரம்மைத் திறந்து பார்த்திருக்கிறாள், உள்ளே ஒரே கறுப்பு, வழவழவென்று. நல்ல நாளும் அதுவுமாக இதை இப்படியே விடுவதா என்று, வேலைக்கு வரும் பேச்சித்தாயைக் கூட வைத்துக்கொண்டு நாரையும் ஸ்பாஞ்சையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மாடியில் மொறுமொறுவென்று காயவைத்து, திரும்ப அடுக்கிவிட்டாள். பொங்கல் கழிந்ததும் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன, மறுநாள் காலையில் எல்லாம் மிதந்தன, கணேசும்தான்.

அழுதுகொண்டே உன்னைக் கூப்பிட்டாளே, அவளிடம் நீ என்ன கேட்டாய்? அந்த அழுக்கில்தான் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற நல்ல கிருமி இருக்கிறது, அதைப் போய் யாராவது கழுவுவார்களா, மூளை வேண்டாமா என்றாய். யாரைப் பார்த்துலே மூளை வேண்டாமா என்கிறாய்? டிரம்மை அடுக்கும்போது இதைச் சொல்வதற்கென்ன, வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பேச்சித்தாயும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மீன்தானே, வேறு வாங்கிக்கோ என்று வைத்துவிட்டாய்.

இன்னும் கேள். கழுவுவதற்கு முந்தின நாள் அவள் அந்த அழுக்கைப் போட்டோ எடுத்து, இதக் கழுவலாமா ராசா என்று பேசியும் உனக்கு அனுப்பியிருக்கிறாள். நீ பதிலுக்குப் போட்டது ஒரு கட்டைவிரல் படம். அவள் பேசியதைக் காதால் கேட்டிருந்தால் போட்டிருப்பாயா? நானாகத்தான் அவள் போனில் அதைப் பார்த்தேன், உன்னைக் கேட்காமல் விடமாட்டேன் என்று குதித்ததும் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டாள், பிள்ள மனசு சங்கடப்படும், எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும் என்கிறாள். பின்வாசல் கதவையே அவள் திறப்பதில்லை. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. எம் பிள்ள பேர வச்சுட்டு எங்கையாலயே கொன்னுட்டேனே என்று புலம்பிவிட்டு, உன் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொல்லி என்னைக் கோயிலுக்கு விரட்டுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இது கைக்குக் கிடைத்த அன்றே அவள் போனுக்குக் கூப்பிடு, எனக்கு வேண்டாம். அம்மா, நீ கேட்டாய், நான் காது கொடுக்காமல் சரி என்றேன், மீன் செத்தது என்னால்தான் என்று சொல். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, உனக்கே உறைத்ததாகச் சொல். வேறு மீன் வாங்கும் பேச்சை எடுத்தாயோ, இரண்டு டிரம்மையும் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவேன்.

ராஜிக்கு எங்கள் ஆசி. நீயும் நூறு வயது நன்றாக இரு, திட்டுவது வேறு, இது வேறு. காதை மூடிக் குல்லா போட்டுக்கொண்டு வெளியே போ. முறுக்கு உடையாமல் இருக்க அவள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றியிருக்கிறாள், நானாக இருந்தால் உனக்கு ஒன்றும் அனுப்பியிருக்க மாட்டேன்.

உன் அப்பா,
சிவசண்முகம்