முருகேசனின் பிறந்த தேதி

12-7-1993, திங்கள்

சேக்காட்டில் இன்று பெரிய டீச்சருக்கு இரங்கல் கூட்டம். பள்ளிக்கூடம், தெருக்குழாய், எல்லாம் அவர் அலைந்து வாங்கித் தந்தது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பிறகு எங்களிடம் படித்த முருகேசன் எழுந்தான்.

"செங்கல் சூளையிலர்ந்து என்னை இஸ்துகினு வந்து படிக்க வச்சதே டீச்சரம்மாதான். ஆனா வயசை ரெண்டு வருசம் கூட்டிப் போட்டுட்டாங்க. ஃபேக்டரி வேலைக்கு வயசு தாண்டிப் போச்சு. இப்பவும் சூளையிலதான் கீறேன். அவங்களே பூட்டாங்க, யாரை இன்னான்னு கேக்கறது?"

டீச்சரின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சேர்க்கைப் பதிவேட்டை எழுதியது நான். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளைத் தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது. முருகேசன் நெடுநெடுவென்று இருந்தான், காதைத் தாண்டிக் கன்னத்தையே தொட்டான். சூளைக்குப் போய் அவன் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள் என்றார் டீச்சர். வெயிலில் யார் நடப்பது என்று ஏழு வயதாக நானே ஒரு தேதி போட்டேன். கேட்டு வந்ததாகச் சொன்னேன். நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

அவனுக்கு அடுத்து மைக் என்னிடம் வந்தது. டீச்சரின் எளிமையைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தேன்.

வாசலில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாவது அம்மாவை விட்டுக்கொடுக்காம பேசினீங்க, சார்."