மடத்தை விட்டு வந்த பிறகு

மாசி 6, செவ்வாய்

கன்னியர் மடத்தை விட்டு வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. இன்றைக்கும் கோயில் வாசலில் யாரிடமோ, மகள் லீவில் வந்து நிற்கிறாள் என்று அம்மா சொன்னார். பக்கத்தில் நின்ற நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டேன்.

ஏழு வருடம் அங்கே இருந்தேன். துறவு வாழ்வுக்கான கடைசி வார்த்தைப்பாட்டுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது வந்துவிட்டேன். ஏன் என்று தம்பி ஜெனிஸ்ரன் கேட்டான். செபிக்கும்போது உள்ளே ஒன்றுமே இல்லை, பொய் சொல்வது போல இருந்தது என்றேன்.

"அப்ப இங்க உள்ளுக்கு என்ன இருக்கு?" என்றான். குத்திக் கேட்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டான்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணத்தடிக்குப் போனேன்.

மாசி 9

நண்டுக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை. விரலெல்லாம் கீறல். யோசிக்க நேரமில்லை — அது ஒன்றுதான் நல்லது.

மாசி 14, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போனேன். பக்கத்தில் இருக்கும் சத்தியபாமா அக்கா, சைவக்காரரான தாங்கள் ஒவ்வொரு நாளும் பூசுவதை நாங்கள் வருடத்துக்கு ஒருக்காப் பூசுகிறோம் என்று பகிடி பண்ணினார். சாப்பாட்டு நேரத்தில் குரலைத் தாழ்த்தி, மடத்தில் படுத்த படுக்கையான வருத்தக்காரரைப் பார்த்தனீரோ என்று கேட்டார். அவருடைய கணவர் ஜெகதீஸ் பனையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுக்கையில் கிடக்கிறாராம். முதுகில் புண். ஆசுப்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறாராம்.

மடத்து முதியோர் இல்லத்தில் நான் செய்ததே அந்த வேலைதான். ஆனாலும் ஏலாது என்று சொல்லிவிட்டேன். அதையெல்லாம் விட்டுவிட்டுத்தானே வந்தேன்?

மாசி 17, சனி

போனேன். வேலை முடிந்ததும் சத்தியபாமா அக்காவோடேயே.

மண்கும்பானில் அவர்களின் வீடு. அறைக்குள் கால் வைத்ததும் மணத்திலேயே விளங்கிவிட்டது. ஜெகதீஸ் அண்ணை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சிஸ்டர்மார் வந்து செபிச்சு எழும்புற உடம்பில்லை இது."

செபிக்க வரவில்லை, கழுவத்தான் வந்தேன் என்றேன். தண்ணீரை உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டேன். அக்கா அவரைச் சரித்துப் பிடிக்க, கழுவினேன். இது வீட்டில் வைத்திருக்கிற புண் இல்லை, ஆசுப்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும் என்றேன். அவர் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கிணத்தடியில இருந்து அழுதன். ஆருக்காக அழுறன்? அந்த மனுசனுக்காகவோ, எனக்காகவோ? மடத்தில ஒருநாளும் இப்பிடி அழேல்லையே.

பங்குனி 2

கடைசியில் ஜெகதீஸ் அண்ணை ஆசுப்பத்திரிக்குப் போக ஒத்துக்கொண்டார். ஓட்டோவில் நானும் போனேன். புண்ணைத் துப்புரவாக்கி மருந்து கட்டினார்கள். வீட்டிலும் ஒவ்வொரு நாளும் கட்ட வேண்டுமாம். அக்கா வாய் திறக்கும் முன்பே நான் தலையாட்டிவிட்டேன்.

பங்குனி 19

அவரைப் புரட்டிப் படுக்கவைத்தபோது, ஏன் மடத்தை விட்டு வந்தனீர் என்று கேட்டார். தம்பிக்குச் சொன்னதையே சொன்னேன். தலையை என் பக்கம் திருப்பினார்.

"விழுந்த நாள் தொடக்கம் ஏன் இருக்கிறன் எண்டுதான் நானும் யோசிக்கிறன். காரணம் ஒண்டும் ஆம்பிடேல்லை. ஆனா நீர் வாற நேரத்தைப் பாத்துக்கொண்டு கிடக்கிறன்."

பிளாஸ்ரரைக் கோணலாக ஒட்டிவிட்டேன். கழற்றித் திரும்ப ஒட்டினேன்.

பங்குனி 31, உயிர்ப்பு ஞாயிறு

மடத்துத் தலைவி தொலைபேசியில் கதைத்தார். விருப்பமென்றால் திரும்பி வரலாமாம். யோசிக்க வேண்டும் என்றேன். பூசையில் முழங்காலில் நின்று செபித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

பின்னேரம் ஜெகதீஸ் அண்ணையின் புண் கட்டை அவிழ்த்தபோது புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாய்ப் புதுச் சதை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சுகமில்லையோ என்று அக்கா பயந்துவிட்டார். இல்லை, நல்லாயிருக்கு என்றேன். அதுதான் செபமோ? சீ, பெரிய சொல்லுகள் வேண்டாம். புண் ஆறுகிறது. அவ்வளவுதான்.

சித்திரை 27, சனி

திரும்பி வரவில்லை என்று மடத்துக்குச் சொல்லிவிட்டேன். என்ன செய்யப் போகிறாய் என்று தலைவி கேட்டார். நண்டு உடைப்பதையும் ஒருவருக்குப் புண் கட்டுவதையும் சொன்னேன். ஆண்டவர் ஆசீர்வதிப்பார் என்றார். கோபமாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

ஜெகதீஸ் அண்ணையின் புண் மூடிவிட்டது. முற்றத்தில் ஆசுப்பத்திரியால் தந்த சில்லுக் கதிரையை உருட்டிக்கொண்டு கோழிகளை ஏசுகிறார்.

வேலணையில் ஒரு அம்மா பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கிறாராம். பார்க்க மகள் மட்டும்தான். சத்தியபாமா அக்காவிடம் வந்து அழுதிருக்கிறாள்.

"வாறதெண்டு சொல்லட்டோ? நீர் ஆரெண்டு கேட்டா என்ன சொல்ல? சிஸ்டர் எண்டோ, நேர்ஸ் எண்டோ?"

"பிரேமினி எண்டு சொல்லுங்கோ அக்கா."

வேலணையில் எந்த ஒழுங்கையில் வீடு என்று கேட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.