பதினோராம் பாடம்

மார்ச் 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே இருவரும் ஊமையாகிவிடுகிறோம். அதனால்தான் கடிதம். நான் நம் வீட்டை விட்டுத் தனியாக வந்த இந்த ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

விமானிக்கான எழுத்துத் தேர்வுகளை எழுதப் போகிறேன். மொத்தம் பதிமூன்று தாள். விமானத்தில் ஏறும் சரக்கை எடைபோடும் வேலையை விட முடியாது. ஆகவே வீட்டிலிருந்தே படிக்கும் பள்ளிதான். தேடித் தேடிக் கடைசியில் இரண்டு நிற்கின்றன. ஒன்றில் பழைய கேள்விகள் மலைபோல் இருக்கின்றன, ஆனால் சந்தேகம் கேட்டால் பதில் வர ஒரு வாரமாம். இன்னொன்றில் மறுநாளே பதில். தேர்வுக்கு முன் இரண்டு வாரம் நேரிலும் வகுப்பு. எப்படிப் பார்த்தாலும் இரண்டாவதுதான் மேல். ஒரே சிக்கல், அங்கே வானிலைப் பாடம் எடுப்பது நீங்கள்.

இலவசமாகத் தரும் மாதிரிப் பாடத்தைக் கேட்டேன். “புரியலன்னா பரவாயில்ல, எத்தனை தடவை வேணாலும் கேளுங்க” என்கிறீர்கள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் என்னிடம் ஒரு தடவையாவது இப்படிச் சொல்லியிருக்கிறீர்களா? சண்டைக்கு இழுக்கவில்லை. நான் சேர்ந்தால் உங்களுக்குச் சங்கடமா?

வாயாடி

மார்ச் 13

வாயாடிக்கு,

சங்கடம் ஒன்றுமில்லை. சேர். உன் சந்தேகங்களை வேறு ஆசிரியர் பார்க்கும்படி சொல்லிவிடுகிறேன். கேள்வி மலையைப் பார்த்து மயங்காதே. மனப்பாடம் செய்தவர்கள் கேள்வி கொஞ்சம் திரும்பினால் முழிக்கிறார்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டாதே. என் வானிலை வகுப்பில் பதினோராம் பாடம், மூடுபனி. நம் வீட்டுப் பின்னறையில் பதிவு செய்தது. இருபதாவது நிமிடத்தில் கதவு தட்டும் சத்தம்; பின்னாலேயே உன் குரல்: “சாப்பிட வர்றீங்களா, இல்ல மேகத்தையே தின்னு வயித்த ரொப்பிக்கிறீங்களா?”

அலுவலகத்தில் வெட்டச் சொன்னார்கள். மறந்துவிட்டது, மறந்துவிட்டது என்று நாலு வருடம் ஓட்டிவிட்டேன். மாணவர்கள் அதற்கு ‘மேகச் சாப்பாடு’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

கேட்பதற்கான கடவுச்சொல்லைக் கீழே எழுதியிருக்கிறேன். இங்கே இப்போது வேலை தடையில்லாமல் நடக்கிறது. ரொம்பவே தடையில்லாமல்.

வாத்தியார்

மார்ச் 25

அன்புள்ள வாத்தியாருக்கு,

வேலை முடிந்து பேருந்தில் வரும்போது கேட்டேன். என் குரல் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்தது உங்கள் பதில்: “ஒரு நிமிஷம்.”

அதன் பிறகு பாடம் முப்பத்துநாலு நிமிடம் ஓடுகிறது. அன்றைக்கு இரண்டு தட்டையும் மூடிவைத்து எதிரில் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று அப்போது பார்க்கவில்லை. இப்போதுதான் கணக்குத் தெரிகிறது.

நல்ல பாடம். கேட்கிறவர்களுக்கு எங்கே புரியாமல் போகும் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரிகிறது. முகம் தெரியாதவர்களுக்காக அங்கெல்லாம் நின்று நின்று போகிறீர்கள். கதவுக்கு வெளியே இருந்தவளுக்கு ஒரு நிமிஷம்.

முதல் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். பதிலுக்கு ஒரு வாரம் ஆகட்டும். யாரென்றே தெரியாதவர்களுக்காகக் காத்திருந்தால் வலிக்காது.

என் குரலை வெட்டிவிடுங்கள். உங்களிடம் கேட்க எனக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்

(பழைய பெயரை எழுதக் கை வரவில்லை.)

ஏப்ரல் 19

வாயாடிக்கு,

வெட்ட மனம் வரவில்லை. பதினோராம் பாடத்தை முழுவதுமாகப் புதிதாகப் பதிவு செய்துவிட்டேன். அதே பின்னறை, அதே மேசை. சுத்தமான பதிவு என்று பாராட்டினார்கள்.

இருபதாவது நிமிடத்தில் மட்டும் பேச்சு கொஞ்சம் நின்றுபோயிருக்கிறதாம். “என்ன சார் ஆச்சு அங்க?” என்று கேட்டார்கள்.

தண்ணீர் குடித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

வாத்தியார்