அடுப்பின் மேல் அடுப்பு

1986, சூக், சுவிட்சர்லாந்து

மார்ச் 11, செவ்வாய்

தூறல். ஏரி சாம்பல் நிறம். விரல்கள் மரத்துப்போயின. அயர்லாந்துக்காரி நோரா எனக்கு முன்பே குழிக்குள். கார் நிறுத்துமிடம் வரப்போகும் மண்ணுக்கடியில் ஒரு கற்கால வீடு. இன்று அதன் அடுப்பு. களிமண் வட்டம். நடுவால் வெட்டினால் அதன் கீழே இன்னொன்று. அதன் கீழும்.

சதுப்பு நிலம். வீடு தாழத் தாழ, பழைய அடுப்பின் மேலேயே புதுக்களி போட்டிருக்கிறார்கள்.

"பிடிவாதக்காரர்கள்," என்றாள் நோரா. சந்தோஷம் அவளுக்கு.

அகழாய்வு மேலதிகாரி வந்தார். வெள்ளியன்று குழி மூடப்படும். மேல் அடுப்பை மட்டும் வரைந்தால் போதுமாம்.

வாங்க வேண்டியவை: கையுறை, பென்சில் சீவ பிளேட், தேயிலை.

மார்ச் 12, புதன்

அறைத்தோழர் செல்வம் அண்ணை: "பல்கலைக்கழகத்திலை வரலாறு படிச்ச துரை இப்ப கிடங்கு வெட்டுறார். சம்பளமாவது தருகினமோ?"

இல்லை. மாலையில் இருவரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவுகிறோம். பகல் என்னுடையது.

தேநீர் நேரம், நோராவின் கதை. டப்ளினில் அருங்காட்சியக வேலை. "கலியாணம் கட்டினேன், வேலை போனது. அரச வேலையில் பெண்களுக்கு அப்போது அதுதான் சட்டம். நான் பாதி தோண்டிய இடத்தை இன்னொருவன் தோண்டித் தன் பெயரில் எழுதினான்."

"பிறகு?"

"புருஷனை விட்டேன். மண் சுரண்டும் மேசன் கரண்டியை விடவில்லை."

மார்ச் 14, வெள்ளி

காலையிலேயே மண் தள்ளும் இயந்திரம். கீழ் அடுப்புகள் வரைந்து முடியவில்லை. நோரா ஏறி வர மறுப்பு. மேலதிகாரி மேலே நின்று கத்தினார். முதலில் ஜெர்மன், பிறகு ஆங்கிலம். "எல்லாம் ஒரே அடுப்புத்தான், நோரா!"

"இறங்கி வந்து சொல்லுங்கள்."

அவர் காலில் புதுச் சப்பாத்து. இறங்கவில்லை. இயந்திரக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாண் சாப்பிட்டான்.

மாலை. உணவகத்தில் நான் நிற்கவேண்டிய நேரம். "போ," என்றாள். அளவு நாடாவின் மறுமுனை என் கையில். தனியே அவளால் அளக்க முடியாது. போகவில்லை.

இருளத் தொடங்கும்போது கடைசி அடுப்பும் தாளில்.

மூடும் குழியின் அடியில் காசு ஒன்று வைப்பது வழக்கம். பின்னால் தோண்டுகிறவர்களுக்கு, முன்பே ஆட்கள் வந்துபோனது தெரிய. மேலதிகாரி ஒரு பிராங் நீட்டினார். நோரா வாங்கினாள். "இது கோப்பிக்கு." சட்டைப் பைக்குள். தன் அயர்லாந்துக் காசை அடுப்பருகே அழுத்தினாள். என்னைப் பார்த்தாள். என்னிடம் இலங்கை ஒரு ரூபாய். அதுவும் பக்கத்தில்.

"தோண்டி எடுப்பவர்கள் நன்றாகக் குழம்பட்டும்," என்றாள்.

மார்ச் 15, சனி

வெயில். உணவக வேலை போய்விட்டது.

செல்வம் அண்ணை: "விசரோ உனக்கு? ஆரோ செத்தவன்ரை அடுப்புக்காக உன்ரை அடுப்பை அணைச்சுப்போட்டு நிக்கிறாய்!"

ஓம் என்றேன்.

திங்களன்று நோரா அடுத்த குழி திறக்கிறாள். என் சப்பாத்து காயவில்லை. ஈரத்தோடே போவேன்.