நீ தேர்ந்தெடுத்த ஆஞ்சிலிப் பலகைகள்

என் கோமுவுக்கு,

நீ வைத்த மாமரம் இந்த வருஷம் காய்த்துவிட்டது. கன்றாக நட்டபோது இந்த மண்ணில் வராது என்று சொன்னவன் நான்தான், அதனால் முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். கொத்துக் கொத்தாகக் காய்த்துக் கிளை தாழ்ந்து கிடக்கிறது. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் பலகைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தரையின் மேல் மரத் தளம் போட வேண்டும் என்று நீ கேட்டபோது நான் சிரித்தேன். கழக்கூட்டத்து ஃபிளாட்டுக்காரர்கள் டெக் என்று போட்டுக்கொள்கிற அலங்காரம் நமக்கெதற்கு என்றேன். நீ காலைத் தூக்கிக் காட்டினாய். புற்றுநோய்க்குக் கொடுத்த மாத்திரை உன் உள்ளங்காலைச் சிவக்க வைத்துத் தோலை உரித்திருந்தது. செருப்பு உரசினாலும் வலி, வெயில் ஏறிய சிமெண்டில் வைத்தாலும் வலி. வீட்டுக்குள்ளேயே கிடந்து சாக மாட்டேன், வெறுங்காலோடு வானத்துக்குக் கீழே நிற்க ஓர் இடம் வேண்டும் என்றாய். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

ஆரியசாலையில் நம் மிளகாய் மண்டியைச் சீக்கிரமே மூடிவிட்டு மரக்கடைகளுக்கு அலைந்தேன். மாதிரித் துண்டுகளை வாங்கிவந்து தரையில் பரப்பினோம். உச்சி வெயிலில் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் பாதத்தை வைத்துப் பார்த்தாய். பிளாஸ்டிக் கலந்த செயற்கைப் பலகையில் வைத்த காலை உடனே எடுத்துவிட்டாய்.

"இதுக்கு தோசைக்கல்லே தேவல அத்தான்."

மகாகனி பார்க்க அழகுதான், ஆனால் மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற இடத்தில் தாங்காது என்று தள்ளினாய். தேக்கு காலுக்கு இதமாக இருந்தது. கடையில் கிடைத்ததோ இளமரம், ஓரமெல்லாம் வெள்ளை. "பூச்சி திங்கறதுக்கா நான் மரம் வாங்கணும்?" என்றாய். கடைசியில் ஆஞ்சிலித் துண்டின் மேல் ஏறினாய். நாகர்கோவில் பக்கம் அயினி என்பார்களே, அந்த மரம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் தோளை விட்டாய்.

"இது சுடல."

அப்படி நீ வெயிலில் தனியாக நின்று எவ்வளவு காலம் ஆகியிருந்தது?

சித்திரையில் மில்லிலிருந்து பலகைகள் வந்து இறங்கின, ஈரம் காயாமல். நான் அவசரக்காரன். ஆசாரியைக் கூப்பிட்டு மறுநாளே அடித்துவிடலாம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. பச்சை மரத்தை அப்படியே தளமாக அடித்தால் இந்த வெயிலில் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும், மழைக்காலம் முடியட்டும் என்றாய். "நான் மட்டுமா நடக்கப் போறேன்? பின்னால நீங்களும்தான நடப்பிய." கொல்லைச் சாய்ப்பில், பலகைகளுக்கு நடுவே காற்றுப் போகக் குச்சி கொடுத்து அடுக்கச் சொன்னாய். எந்த முகம் மேலே வர வேண்டும் என்று ஒவ்வொன்றின் விளிம்பிலும் சாக்பீஸால் அம்புக்குறி போட்டாய். உனக்கு அவ்வளவு காலம் இல்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். உன்னிடமும் சொல்லியிருந்தாரா, கோமு?

ஐப்பசி மழையில் நீ போனாய். சுடுகாட்டில் வரிசையில் கிடத்தாதீர்கள், நம் மண்ணிலேயே இருக்கட்டும் என்று நீ சொன்னபடி, வீட்டு வளவின் தெற்கு மூலையில் தகனம் என்று முடிவாயிற்று. சிதைக்கு வீட்டு மரத்தை வெட்டுவதுதான் மலையாளிகள் வழக்கம் என்று பக்கத்து வீட்டு சுகுமாரன் மாமரத்தைக் காட்டினார்.

"சாரே, வீட்டு மாவு முறிக்கணும். அதாணு இவிடத்தெ முறை."

உன் தம்பி சங்கரன் அப்போதுதான் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியிருந்தான். மரத்தை மறித்துக்கொண்டு நின்றான். "எங்க அக்கா வச்ச மரம். இதுல கோடாலி பட விடமாட்டேன்."

நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வெளியே வந்தபோது தெற்கு மூலையில் தகரம் மறைத்து, அதன் கீழ் ஆஞ்சிலிப் பலகைகளை அடுக்கி முடித்திருந்தார்கள். சங்கரன் நனைந்தபடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்ல வேளை அத்தான், மரத்தக் காய வச்சு அடுக்கி வச்சிருந்திய. இந்த மழையில வேற என்ன பத்தும்?" டாக்டர் கைவிட்டதுமே நான் முன்யோசனையாக வாங்கிப் போட்டேன் என்று நினைத்துவிட்டான். உன் அம்புக்குறிகளில் சில மேலே பார்த்தன, சில மண்ணைப் பார்த்தன. அவன் அதற்குள் தகரத்தை இழுத்துக் கட்ட ஓடினான். அவனிடம் என்னத்தைச் சொல்வது? நன்றாகத்தான் எரிந்தது. நீ பக்குவமாகக் காய வைத்த மரமாயிற்றே.

போன வாரம் சங்கரன் மாங்காய் பறிக்க வந்தான். தான் காப்பாற்றிய மரம் என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. மடி நிறையப் பறித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தவன் கேட்டான்.

"அக்கா போன்ல எப்பப் பாத்தாலும் மரத் தளம், மரத் தளம்னு சொல்லிக்கிட்டு இருப்பா. அது என்னாச்சு அத்தான்?"

மில்லுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். இத்தனை வருஷம் மண்டியில் உட்கார்ந்தும் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை என்று நீ கேலி செய்வாயே, அது சரிதான். சிதைக்கு வெட்டியதில் மிஞ்சியதென்று நான் எடுத்துச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்த ஆஞ்சிலித் துண்டு அவன் கண்ணில் பட்டது. எடுத்துத் திருப்பினான். விளிம்பில் உன் அம்புக்குறி, அன்று அவன் கையால் அடுக்கிய பலகைகளில் இருந்த அதே குறி.

மாங்காய்கள் தரையில் உருண்டன. நல்ல உச்சி வெயில். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு சிமெண்டுத் தரையின் நடுவில் போய் நின்றான்.

"அக்கா நிக்கணும்னு வாங்கின மரத்தயா அத்தான் நான்..."

 கால் வெந்துபோகும், உள்ளே வாடா என்றேன். அசையவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது, அவன் மேல் இல்லை, உன் மேல். பலகை முறுக்கினால் முறுக்கட்டும் என்று விட்டிருக்கக் கூடாதா? நான்கு நாளாவது நின்றிருப்பாயே? கடைசியில் அந்தத் துண்டை வாங்கித் தரையில் போட்டு, அவனை இழுத்து அதன் மேல் நிறுத்தினேன். ஒரு காலுக்குத்தான் இடமிருந்தது. உன் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்தவன், நரைத்த தலையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று அழுதான்.

"சுடல அத்தான்," என்றான்.

நேற்று புதிய ஆஞ்சிலி வந்து இறங்கியது. இதுவும் பச்சை மரம்தான். நானும் சங்கரனும் சாய்ப்பில் குச்சி கொடுத்து அடுக்கினோம். அம்புக்குறிகளை அவன் போட்டான்.

இந்த முறை நான் அவசரப்பட மாட்டேன், கோமு. மழை முடிந்து மரம் காயும்வரை காத்திருந்து, நீ சொன்ன மாதிரியே தளம் போடுகிறேன். அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாமரத்தை வெட்டிக்கொள், பலகையைத் தொடாதே என்று சங்கரனிடம் சொல்லிவிட்டேன். "சரி அத்தான்," என்றான்.

என்றும் உன் அத்தான்